குதிரைக் காலடியில் ஒரு முகம்

பீஷாபூர், ஆற்றங்கரைப் பாறை
பத்தாம் மாதம், நான்காம் நாள்

என் வீட்டு நெருப்பைக் காக்கும் தேனக்குக்கு, உன் கணவன் விந்தாத் எழுதுவது.

இங்கே நான் சுகம். நீயும் குழந்தை அனோஷக்கும் சுகமா? நம் வீட்டு நெருப்பு ஒரு பொழுதும் அணையாமல் இருக்கிறதா?

வேலை ஆரம்பித்துவிட்டது. புதுப் பாறை என்று நினைத்துத்தான் வந்தேன். வந்து பார்த்தால் பழைய பாறை. இருபது வருடத்துக்கு முன்னால் அப்போதிருந்த அரசர், குதிரைமேல் அமர்ந்து கடவுளின் கையிலிருந்து ஆட்சி வளையத்தை வாங்குவதாகச் செதுக்கி வைத்தாரே, அதேதான். புது அரசரின் உத்தரவு இரண்டு. பழைய பேரைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தன் பேரை வெட்ட வேண்டும். குதிரையின் காலடியில் ஓர் ஆள் செத்துக் கிடக்க வேண்டும். எதிர்க்கரைப் பாறையில் இவருடைய அப்பா ரோமாபுரிக்காரனைக் குதிரையால் மிதித்துக்கொண்டு நிற்கிறார். மகனுக்கும் மிதிக்க ஒருவன் வேண்டாமா? யார் அந்த ஆள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேறொருவர் தலையில் கிரீடத்தை வைத்துவிட்டுத் தன் தலையைப் பறிகொடுத்த அந்த மந்திரிதான். பேரை எழுதக்கூடாதாம். நானும் எழுதவில்லை.

அவர் வீட்டில் எழுத்து வேலை பார்த்த உன் தம்பி மாஹ்தாத்தும் அந்தக் கூட்டத்தோடு செத்துப்போனானே என்று நினைத்தால் உளியைத் தொடவே பிடிக்கவில்லை. அழுதுகொண்டே இருக்காதே, உடம்பு கெட்டுவிடும்.

மேற்பார்வைக்கு யஸ்தின் என்று ஓர் அதிகாரி வந்திருக்கிறான். முதல் நாளே எங்களை வரிசையாக நிறுத்தினான்.

"கீழ கிடக்கறவன் மூஞ்சி அவன் மூஞ்சியாவே இருக்கணும். சும்மா யாரோ ஒருத்தன் மூஞ்சியப் போட்டா வெற்றி ஒட்டாது. அவனை நேர்ல பார்த்தவங்க இருக்கீங்களாடா?"

தாராப் ஊர்க்காரர் ஒருவர், "ஒரு தடவ வேட்டையில பார்த்திருக்கேங்க" என்று பெருமையாகக் கையைத் தூக்கினார். மறுநாள் காலையில் அவருடைய படுக்கை சுருட்டி வைத்திருந்தது. ஆளைக் காணோம். அந்த மந்திரி வீட்டிலிருந்து ஒருத்தன் தப்பிவிட்டானாம். அவனுக்கு ரொட்டி கொடுத்தவர்கள் வீட்டில் ஒரு உயிர் மிஞ்சாது என்று யஸ்தின் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஆசர்மிக்கின் கணவன் ஹோர்மக் கழுதைகளோடு வருகிறான். அவனிடம் பதில் கொடுத்தனுப்பு.

குழந்தைக்கு என் முத்தம்.
விந்தாத்

•

இஸ்தக்ர்
பத்தாம் மாதம், இருபத்தோராம் நாள்

பாறையோடு மல்லுக்கட்டும் என் கணவருக்கு, தேனக் வணங்கி எழுதுவது.

நெருப்பு அணையவில்லை. குழந்தைக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அவள் சிரித்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது. வெயிலில் தலையைக் காட்டாதீர்கள், உங்களுக்கு மூக்கில் ரத்தம் வரும்.

அந்த அதிகாரி என்ன கேட்டாலும் கையைத் தூக்காதீர்கள். உங்களுக்கு எதுவும் தெரியாது. தெரிந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்ளும் பழக்கம் ஒன்று உங்களுக்கு உண்டு, அதையும் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு அளக்கும் மாவில் மிச்சம் இருந்தால் ஹோர்மக்கிடம் கொடுத்தனுப்புங்கள். இங்கே மாவு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. வளர்கிற குழந்தை அல்லவா? அதிமதுரமும் கொஞ்சம் வேண்டும்.

இன்னொன்று. ஆசை வந்துவிட்டது என்று சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்துவிடாதீர்கள். பாதை சரியில்லை என்கிறார்கள். வருவதானால் முன்கூட்டி எழுதுங்கள்.

குழந்தை உங்களுக்காக ஒரு அத்திப்பழம் வைத்திருக்கிறாள். பாதியைத் தின்றுவிட்டாள்.
தேனக்

•

பீஷாபூர்
பதினோராம் மாதம், ஒன்பதாம் நாள்

தேனக்குக்கு, விந்தாத்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை. நேராகவே கேட்டுவிடுகிறேன்.

ஒரு பெண்ணும் ஆறு வயதுக் குழந்தையும் எவ்வளவு ரொட்டி தின்பார்கள்? நான் அங்கே இருந்தபோது மூன்று பேருக்குப் போதுமாக இருந்த மாவு, நான் இல்லாதபோது இரண்டு பேருக்குப் போதவில்லையா? கட்டின புருஷன் தன் வீட்டுக்கு வருவதற்கு முன்கூட்டி எழுத வேண்டுமா?

நேற்று சாப்பிடும்போது ஹோர்மக் எல்லோர் முன்னாலும் சொல்கிறான்: "விந்தாத் அண்ணே, ஒங்க வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல? நாலு வீடு கேக்குற மாதிரி இருமல். எம் பொண்டாட்டி சொல்றா, அது பொம்பள இருமல் மாதிரி இல்லையாம்." பக்கத்தில் இருந்தவன், "அண்ணே, அண்ணி உங்களுக்குப் பதிலா ஆள் போட்டுட்டாங்க போல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பன்னிரண்டு வருடம் உன்னோடு வாழ்ந்திருக்கிறேன். என் வீட்டில் இருமுகிறவன் யார்? பேரைச் சொல். அதுவரை மாவும் கிடையாது, அதிமதுரமும் கிடையாது.

விந்தாத்

•

இஸ்தக்ர்
பதினோராம் மாதம், இருபத்தேழாம் நாள்

அவருக்கு, தேனக்.

நெருப்பு எரிகிறது. குழந்தை நலம்.

இருமுவது நான்தான். ஆண்குரலில் இருமக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மாவு வேண்டாம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் கடிதங்களில் முத்திரைக் களிமண் ஓரம் உடைந்து, மறுபடி ஈரம் தொட்டு ஒட்டியதுபோல் இருக்கிறது. முதல் கடிதமும் அப்படித்தான், இரண்டாவதும் அப்படித்தான். ஹோர்மக்கின் மூட்டையில் இடிபட்டதாக இருக்கும். நீங்கள் இனி எழுதும்போது அதை மனசில் வைத்துக்கொண்டு எழுதினால் நல்லது.

தேனக்

•

பீஷாபூர்
பன்னிரண்டாம் மாதம், பதினைந்தாம் நாள்

தேனக்குக்கு, விந்தாத்.

இருவரும் சுகம்தானே? நான் பதில் எழுதத் தாமதித்ததற்குக் காரணம் கேட்காதே. என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

பழைய பேரைச் சுரண்டி முடித்தோம். இருபது வருடம் வெயிலும் மழையும் அசைக்காத பேரை நாங்கள் நாலு பேர் பதினோரு நாளில் அழித்துவிட்டோம். அந்த இடம் மட்டும் குழியாக, வெள்ளையாகத் தெரிகிறது.

யஸ்தின் இப்போதெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறான். நல்ல இறைச்சியாகப் பொறுக்கி என் ரொட்டியில் வைக்கிறான். "உன் சம்சாரம் எழுத்தர் மகளாமே? அழகா எழுதுறாங்களாமே?" என்றான். உன் கையெழுத்து அழகு என்று இவனுக்கு யார் சொன்னது? அப்புறம் எலும்பைக் கடித்துக்கொண்டே, "உன் மச்சான் அவன் வீட்லதானே வேலை பார்த்தான்? அந்தாளு மூஞ்சி உனக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றான். மச்சான் எங்களோடு பேசுவதே அபூர்வம், எனக்கு யாரையும் தெரியாது என்றேன். "அவன் செத்துட்டான், இல்ல?" என்றான். செத்துவிட்டான் என்றேன்.

ஆவிகள் வீட்டுக்கு வரும் வருடக் கடைசி நாட்கள் வருகின்றன. ஊருக்குப் போக அனுமதி கேட்டேன், கிடைக்கவில்லை. நீயே எல்லாவற்றையும் முறையாகச் செய். யாரையும் விட்டுவிடாதே. ஒத்தாசைக்கு ஆசர்மிக்கைக் கூப்பிட்டுக்கொள்.

என் கேள்விக்கு நீ சொன்ன பதிலை நான் நம்பவில்லை. ஒருநாள் வருவேன். ஒவ்வொரு விரிப்பையும் தூக்கிப் பார்ப்பேன்.

விந்தாத்

•

இஸ்தக்ர்
முதல் மாதம், மூன்றாம் நாள்

அவருக்கு, தேனக்.

புது வருடத்தில் உங்கள் கையும் காலும் கண்ணும் நன்றாக இருக்கட்டும்.

வீட்டை வெள்ளையடித்தேன். மாடியைக் கழுவினேன். நீங்கள் சொன்னபடி எல்லாம் முறையாகச் செய்தேன். என் அப்பாவுக்கு ஒரு ரொட்டி, அம்மாவுக்கு ஒன்று, உங்கள் அப்பாவுக்கு ஒன்று, உங்கள் அத்தைக்கு ஒன்று, பேர் வைக்கும் முன்பே போய்விட்ட நம் முதல் குழந்தைக்குச் சின்னதாக ஒன்று. ஐந்து ரொட்டியும் மாடியில் சுத்தமான துணி விரித்து வைத்தேன். அனோஷக், "படுத்துக்கிட்டே இருக்கறவங்களுக்குத்தான் ரொட்டி வெக்கணுமாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆசர்மிக் கூடவே இருந்தாள். "அஞ்சுதானாடி?" என்று கேட்டாள். அஞ்சுதான் என்றேன். விரல் விட்டு இன்னொரு தரம் எண்ணிவிட்டுப் போனாள்.

உங்கள் தலையணையை வெயிலில் போட்டேன். விரிப்புகளையும் தட்டிப் போட்டேன். வந்து தூக்கிப் பாருங்கள்.

தேனக்

•

பீஷாபூர்
முதல் மாதம், பன்னிரண்டாம் நாள்

என் தேனக்குக்கு, விந்தாத் அவசரமாக எழுதுவது.

சுகமா என்று விசாரிக்கவும் நேரமில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஐந்து ரொட்டியா? அடி பாவி, உன் தம்பி மாஹ்தாத்தின் ரொட்டி எங்கே? செத்துப்போன தம்பி வருடக் கடைசியில் பசியோடு அக்கா வீட்டு மாடிக்கு வந்து, தனக்கு மட்டும் இல்லை என்று திரும்பிப் போயிருப்பானே!

ஏன் வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் அப்பாவின் எழுதுகோல் பெட்டியை அவன் எடுத்துக்கொண்டு போனானே, அந்தக் கோபம் உனக்கு இன்னும் போகவில்லை. உன் பிடிவாதம் ஊரறிந்தது. ஆனால் செத்தவன் வயிற்றிலா கோபத்தைக் காட்டுவது? இதைப் படித்த கையோடு அவனுக்கு ரொட்டி சுடு. குருவை வரவழைத்து மந்திரம் சொல்லச் சொல். சட்டைக் கையைக் கிழித்துக்கொள். தெருவே கேட்கிற மாதிரி அழு. ஆசர்மிக் பக்கத்தில் இருக்கட்டும். உயிரோடு இருப்பவனுக்கு வைத்தால்தான் குற்றம். செத்தவனுக்குத் தாமதமாக வைத்தால் குற்றமில்லை.

உன் இருமலைப் பற்றி நான் முட்டாள்தனமாக எழுதிவிட்டேன். பின்னறை ஈரம்தான் காரணம். மலைக்காற்று இந்த இருமலுக்கு ஆகவே ஆகாது. கடற்கரையில் என் சித்தப்பா இருக்கிறாரே, அவர் ஊர் மருந்துதான் சரி. அமாவாசைக்கு மறுநாள் உப்பு வியாபாரிகள் அந்தப் பக்கம் போகிறார்கள். நல்ல மனுஷர்கள், எனக்குக் கடமைப்பட்டவர்கள். அவர்களிடம் சொல்லிவிட்டேன்.

உன் முத்திரையும் ஓரம் உடைந்துதான் வந்தது. இங்கே எங்கு பார்த்தாலும் கல் தூசி. எல்லாம் உடைகிறது.

மாவு மூட்டையும் அதிமதுரமும் அனுப்பியிருக்கிறேன். என்னைத் திட்டு.
விந்தாத்

•

இஸ்தக்ர்
இரண்டாம் மாதம், ஆறாம் நாள்

என் கணவருக்கு, தேனக் வணங்கி எழுதுவது.

நெருப்புக்கு நன்றாக விறகு போட்டிருக்கிறேன். நாங்கள் இருவரும் நலம். இருவர் மட்டும்தான் என்பதால் உங்கள் மாவு வெகுநாள் வரும்.

நீங்கள் திட்டியது நியாயம். எழுதுகோல் பெட்டிக் கோபத்தில்தான் புத்தி கெட்டுப் போனேன். ரொட்டி சுட்டேன். குரு வந்தார். துணியில் அதை வைத்தபோது நான் பட்ட பாட்டை, கடவுளே, எழுத முடியாது. அழவேண்டும் என்று நினைத்து அழவில்லை. தானாகவே வந்தது. ஆசர்மிக் என்னைக் கட்டிக்கொண்டு, "இப்பத்தான்டி எனக்கு மனசு ஆறுச்சு" என்றாள். அவள் மனசு ஏன் ஆறவேண்டும் என்று நான் கேட்கவில்லை.

நாலு நாள் கழித்து அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். மாடியில் பறவைகள் கொத்தியது போக மிச்சமிருந்த ரொட்டியைப் பார்த்தார்கள், பின்னறையைப் பார்த்தார்கள், விரிப்பையெல்லாம் தூக்கிப் பார்த்தார்கள். நீங்கள் செய்வதாகச் சொன்ன வேலையை அவர்கள் செய்துவிட்டார்கள். "வீட்ட நல்லா சுத்தமா வெச்சிருக்கீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இருமல் அமாவாசைக்கு மறுநாளே போய்விட்டது.

இந்தத் துண்டை மட்டும் ஹோர்மக்கிடம் கொடுக்காமல் உப்பு வியாபாரி கையில் அனுப்புகிறேன். குதிரைக் காலடியில் வர வேண்டிய அந்த முகம் என்ன ஆயிற்று? உங்களுக்கு அது தெரியாது. நம் குழந்தை பிறந்த ஏழாம் நாள் நம் வீட்டுக்கு மாஹ்தாத் யாரையும் அழைத்து வரவில்லை. யாரும் குழந்தையைக் கையில் வாங்கவில்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உங்களுக்கும் இருக்கட்டும். உங்களை நம்புகிறேன். உங்கள் கையைத்தான் நம்ப மாட்டேன்.

தேனக்

•

பீஷாபூர்
மூன்றாம் மாதம், பதினெட்டாம் நாள்

தேனக்குக்கு, விந்தாத்.

உடம்பு நலம். விரலில் ஒரு காயம், ஆறிவிடும். நெருப்பைப் பார்த்துக்கொள்.

முகம் முடிந்தது. நான்தான் செதுக்கினேன். வேறு யாரும் கிட்டே போகவில்லை. யஸ்தின் என்னைத் தனியாக அழைத்து, "நீதான்டா செய்யணும். உன்னால முடியும்னு எனக்குத் தெரியும்" என்றான். அந்த மந்திரிக்குக் காவல் நின்ற படைவீரன் ஒருவனைக் கூட்டி வந்து சாரத்தின் கீழே உட்கார வைத்திருந்தான். முகம் அச்சாக அமைந்தால் அந்த வீரன் சொல்வான். அப்புறம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று இவன் கேட்பான். அமையாவிட்டால் உத்தரவை மீறியவன் ஆவேன்.

உன் பயம் சரிதான். கை ஒரு பக்கம் இழுத்தது, நான் ஒரு பக்கம் இழுத்தேன். இடது புருவத்துக்கு வந்தபோது உளி தானாக ஓரிடத்தில் நின்றது. அங்கே ஒரு வெட்டுத்தழும்பு வைத்தால் அவர் முகம் உயிரோடு எழுந்துவிடும் என்று கைக்குத் தெரியும். இறங்கி ஆற்றுக்குப் போனேன். முகம் கழுவினேன். தண்ணீர் அசையாமல் நின்றதும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மேலே ஏறி, ஒன்பது நாளில் முடித்தேன்.

யஸ்தின் வீரனைத் தள்ளிக்கொண்டு வந்தான். வீரன் பார்த்தான். "இவன் அவன் இல்லீங்க" என்றான். மறுபடி பார்த்தான். என்னைப் பார்த்தான். "ஐயா, இது இந்தாளுங்க!"

"என்னடா இது?" என்றான் யஸ்தின்.

"நீங்க நேர்ல பார்த்த மூஞ்சியாப் போடச் சொன்னீங்க. எனக்குத் துரோகி யாரையும் தெரியாதுங்க. ஆத்துத் தண்ணியில தெரிஞ்ச மூஞ்சியப் போட்டேன்."

அவன் சாரத்தில் ஏறி அந்த முகத்தைத் தொட்டுப் பார்த்தான். என் கழுத்து எனக்கே கனமாக இருந்தது. பிறகு சிரித்தான், முதல் முறையாக வயிற்றிலிருந்து. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். "பாருங்கடா, தன்னையே குதிரை காலடியில போட்டுக்கிட்ட மடையன்! அரசர் என்ன, குதிரையவிட்டு இறங்கிக் குனிஞ்சா பார்க்கப் போறாரு? இருக்கட்டும்." இப்போது இங்கே எனக்குக் காலடியான் என்று பேர். என்னை வேறு பாறைக்கு, தாராப் பக்கம், அனுப்புகிறான். ஹோர்மக்குக்கு அங்கே வழியில்லை. இந்தக் கடிதத்தையும் இனி வருவதையும் உப்பு வியாபாரிகள்தான் கொண்டுவருவார்கள்.

ஏன் அந்த முகத்தைப் போட்டேன் என்று அவனிடம் முழுவதும் சொல்லவில்லை. நீ புரிந்துகொள்வாய். அங்கே கிடக்க வேண்டியவன் நான்தான். பதினோராம் மாதம் ஒன்பதாம் நாள் நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை எரித்துவிடு.

விந்தாத்

•

பீஷாபூர்
ஐந்தாம் மாதம், இரண்டாம் நாள்

என் கணவருக்கு, தேனக்.

ஊரைப் பார்த்துத் திகைக்காதீர்கள். நெருப்பைக் குருவின் வீட்டில் ஒப்படைத்துவிட்டு, குழந்தையோடு உங்கள் பாறையைப் பார்க்க வந்திருக்கிறேன். குளிருக்கு அவளுக்கு ஜலதோஷம், வேறொன்றுமில்லை. உங்கள் விரல் ஆறியதா?

இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ளும் உப்பு வியாபாரி கடற்கரையிலிருந்து நேற்றுத்தான் திரும்பியிருக்கிறான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயம். ரொட்டி வைத்த அன்றிலிருந்து எனக்கு ஒரு நாளும் நல்ல தூக்கமில்லை. அவனாகவே, "அக்கா, நீங்க மாடியில வெச்ச ரொட்டியில உப்பு பத்தலன்னு ஒருத்தர் சொல்லச் சொன்னாரு" என்றான். சந்தை நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவன் எனக்கு ஒரு பிடி உப்பு கொடுத்துவிட்டுப் போனான்.

ஆசர்மிக்கும் நேர்த்திக்கடன் என்று சொல்லிக்கொண்டு கூடவே வந்திருக்கிறாள். எதற்கு வந்தாள் என்று எனக்குத் தெரியாது. பாறையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சாயல் அப்படியே இருக்குடி" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் முகத்தைக் காட்டவில்லை.

குழந்தை குதிரையைப் பார்க்கவில்லை, அரசரைப் பார்க்கவில்லை. நேராகக் கீழே பார்த்தாள். "அப்பா ஏம்மா கீழ கிடக்கறாரு? யாரு தள்ளிவிட்டா?" என்றாள். நான் பதில் தேடுவதற்குள் மடியிலிருந்த ரொட்டியை எடுத்து, உங்கள் முகத்துக்கு நேரே பாறையடியில் வைத்துவிட்டாள். படுத்துக் கிடப்பவர்களுக்கு வைக்க வேண்டும் என்று நான்தானே சொல்லிக் கொடுத்தேன்! ஓடிப்போய் எடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து நானும் அவளும் ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தின்று முடித்தோம். ஒரு தடவை உயிரோடு இருப்பவனுக்கு ரொட்டி வைத்துவிட்டேன். இன்னொரு தடவை என்னால் முடியாது.

என் தம்பிக்காக நீங்கள் அங்கே கிடக்கிறீர்கள். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அந்தக் கடிதத்தையும் மறக்க மாட்டேன். எரித்துவிடச் சொன்னீர்கள். அந்த அழுக்கை நம் வீட்டு நெருப்பில் எப்படிப் போடுவேன்? ஆற்றில் விடலாம் என்றால் தண்ணீரும் சுத்தம். புதைக்கலாம் என்றால் மண்ணும் சுத்தம். யோசித்துப் பார்த்தேன், அதைப் போடுவதற்கு உலகத்தில் இடமில்லை. அதனால் அது என்னிடமே இருக்கிறது.

சீக்கிரம் வீட்டுக்கு வாருங்கள். முன்கூட்டி எழுத வேண்டாம்.

தேனக்